படிவமும் பட்டனும்: வாசகர் கேள்வி பதில்

இணையப் படிவங்களில் பட்டன்களை எப்படி அமைப்பது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டவர்களில் டெவலப்பர்களும் உண்டு, பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் படிவத்தைக் கவனித்துக்கொள்பவர்களும் உண்டு. கோடு (நிரல்) எழுதாதவர்களும் தொடர்ந்து படிக்கும்படி பதில்களை எழுதியிருக்கிறோம். பிக்சல் என்று வரும் இடமெல்லாம், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ். மொழி கணக்கிடும் பிக்சல் என்று கொள்ளவும்.

கேள்வி: பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 24 பிக்சல் போதும் என்கிறார் ஒருவர். 44 என்கிறார் இன்னொருவர். 48 என்றும் படித்தேன். எதைப் பின்பற்றுவது?
டெவலப்பர், கோயம்புத்தூர்

பதில்: மூன்றும் சரியான எண்களே, கேட்கும் இடம்தான் வேறு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்ட இணைய அணுகல் நெறி 2.2, நடு நிலையான ஏஏ நிலைக்கு 24 × 24 பிக்சலைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. அதே நெறியின் மிகக் கடுமையான ஏஏஏ நிலை 44 × 44 கேட்கிறது. ஆப்பிள் தன் ஐபோன் செயலிகளுக்குச் சொல்வதும் 44தான். கூகுள் ஆண்ட்ராய்டுக்குச் சொல்வது 48. கூடவே பட்டன்களுக்கு நடுவே 8 இடைவெளி.

இவற்றை மில்லிமீட்டராக மாற்றிப் பார்த்தால் முடிவெடுப்பது சுலபம். 360 பிக்சல் அகலமாகக் கணக்கிடப்படும் சாதாரண ஆண்ட்ராய்டு போனின் திரை சுமார் 68 மி.மீ. அகலம். ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.19 மி.மீ. ஆக, 24 பிக்சல் என்பது நாலரை மி.மீ., 44 என்பது 8.3 மி.மீ., 48 என்பது 9 மி.மீ. ஒற்றைக் கையால் கருவியைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்துபவர்களை வைத்து பார்ஹி, கார்ல்சன், பெடர்சன் ஆகியோர் 2006இல் செய்த ஆய்வு, தனித்த ஓர் அழுத்தலுக்கு 9.2 மி.மீ. தேவை என்றது. 48 அதை ஒட்டி வருகிறது. 24 பாதிதான்.

எனவே படிவத்தின் முதன்மை பட்டனுக்குக் குறைந்தது 48 உயரம் வையுங்கள். மற்ற பட்டன்கள், டிக் பெட்டிகள், நீக்கும் குறிகள் எல்லாவற்றுக்கும் 44. இடைவெளி 8க்குக் குறைய வேண்டாம். 24ஐ, கணினியில் மட்டும் திறக்கப்படும் நெருக்கமான அட்டவணைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கும் 24க்குக் கீழே போக நேர்ந்தால், ஒவ்வொரு குறியின் நடுவிலும் 24 பிக்சல் விட்டமுள்ள வட்டம் வரைந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டம் பக்கத்துக் குறியையோ அதன் வட்டத்தையோ தொடக் கூடாது என்பதே நெறி தரும் விலக்கு.

இந்த எண்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் படத்துக்கானவை அல்ல, அழுத்தத்தை ஏற்கும் பரப்புக்கானவை. குறி 20 பிக்சலாகவே இருக்கலாம். நாலு பக்கமும் 12 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தால் பரப்பு 44 ஆகிவிடும். பல தளங்களில் இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. பேடிங்கைப் பட்டனுக்கோ இணைப்புக்கோ கொடுக்காமல் அதைச் சுற்றியுள்ள பெட்டிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பார்வைக்கு அகலமான நீலப் பட்டன். உள்ளே எழுத்தைத் தொட்டால்தான் வேலை செய்யும். ஓரத்தைத் தொட்டவர் "தளம் மாட்டிக்கொண்டது" என்று நினைத்துப் போய்விடுவார்.

அரசுத் தளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறியான ஜி.ஐ.ஜி.டபிள்யூ. 3.0 அடிப்படையாகக் கொள்வது அணுகல் நெறி 2.1இன் ஏஏ நிலையை. அந்தப் பதிப்பில் அளவு பற்றிய விதி ஏஏஏ நிலையில் மட்டுமே இருந்தது. 24 பிக்சல் விதி 2.2இல்தான் சேர்ந்தது. ஆகவே சோதனையில் தேர்ச்சி பெற்ற படிவத்திலும் விரலுக்கு அகப்படாத பட்டன் இருக்க முடியும். அளவைத் தனியாகப் பாருங்கள்.

கேள்வி: 48 பிக்சல் கொடுத்துவிட்டேன். கணினியில் சரியாக இருக்கிறது. போனில் மட்டும் பட்டன் மிகச் சிறிதாகத் தெரிகிறது. ஏன்?
பள்ளி அலுவலகப் பணியாளர், திண்டுக்கல்

பதில்: பக்கத்தை எந்த அகலத்தில் வரைவது என்று பிரவுசருக்குச் சொல்லும் "வியூபோர்ட்" வரி, பக்கத்தின் தலைப்பகுதியில் விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் உங்கள் பக்கத்தைக் கணினிப் பக்கம் என்று எண்ணி, பெரும்பாலும் 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, பிறகு 360க்குச் சுருக்குகிறது. 48 பிக்சல் பட்டன் 17 அல்லது 18 பிக்சலாகிவிடும், சுமார் 3.3 மி.மீ. வியூபோர்ட்டின் அகலத்தைக் கருவியின் அகலத்துக்குச் சமமாக வைத்து, தொடக்க அளவை 1 ஆக்குங்கள். அழுத்தியபின் ஏற்படும் சுமார் 300 மில்லிநொடித் தாமதமும் இதனால் நீங்கும். இரட்டைத் தட்டலால் பெரிதாக்கப் போகிறாரோ என்று பிரவுசர் காத்திருந்த நேரம் அது.

அதே வரியில், பயனர் பெரிதாக்குவதைத் தடுக்கும் சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள். ஐபோனில் ஒரு கட்டத்தைத் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகி பட்டன் வலப்பக்கம் ஒளிந்துகொள்கிறது என்பதற்காகப் பலர் அதைச் சேர்க்கிறார்கள். உண்மையான காரணம், கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருப்பது. 16 ஆக்கினால் பக்கம் அசையாது. பார்வை குறைந்தவர் விரலால் பெரிதாக்கிப் படிக்கும் வசதியும் தப்பிக்கும்.

கேள்வி: "அனுப்பு" பட்டனை முதல் முறை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை, இரண்டாம் முறைதான் போகிறது என்று பலர் புகார் சொல்கிறார்கள். எங்களிடம் சோதித்தால் சரியாகவே இருக்கிறது. எங்கே தேடுவது?
டெவலப்பர், மதுரை

பதில்: இந்தப் புகாருக்குப் பெரும்பாலும் காரணம், அழுத்தும் நேரத்தில் பட்டன் நகர்வது. மவுஸ் பட்டனை அழுத்துவதும் விடுவதும் ஒரே உறுப்பின் மேல் நடந்தால்தான் பிரவுசர் அதை அந்த உறுப்பின் கிளிக் என்று எண்ணும். இரண்டுக்கும் நடுவே உறுப்பு விலகிவிட்டால் கிளிக் அதற்குப் போய்ச் சேராது. எந்தப் பிழைச்செய்தியும் வராது. நிகழ்வுப் பதிவேட்டிலும் (லாக்) தடம் இருக்காது.

அடிக்கடி நடப்பது இது. பயனர் கடைசிக் கட்டத்தில் மொபைல் எண்ணைத் தட்டச்சு செய்கிறார். நேரே பட்டனுக்கு வந்து அழுத்துகிறார். அழுத்திய கணத்தில் கட்டம் கவனத்தை (ஃபோகஸ்), அதாவது தட்டச்சை ஏற்கும் நிலையை, இழக்கிறது. "கட்டத்தை விட்டு வெளியேறும்போது சரிபார்" என்று நீங்கள் எழுதிவைத்த நிரல் உடனே ஓடி, "10 இலக்கங்கள் வேண்டும்" என்ற சிவப்பு வரியை நுழைக்கிறது, அல்லது ஏற்கெனவே இருந்த வரியை நீக்குகிறது. பட்டன் 24 பிக்சல் கீழேயோ மேலேயோ போகிறது. விரல் விடுபடும்போது அங்கே வெற்றிடம். உங்களிடம் ஏன் வரவில்லை என்றால், சோதிப்பவர்கள் சரியான விவரங்களை நிரப்பி, நிதானமாக வெளியே ஒரு முறை சொடுக்கிவிட்டுப் பட்டனுக்கு வருவார்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் பிழை வரிக்கான இடத்தை முன்னதாகவே ஒதுக்கிவிடலாம். 16 பிக்சல் எழுத்துக்கு 24 பிக்சல் குறைந்தபட்ச உயரம். தமிழ்ச் செய்தி சிறிய திரையில் இரண்டு வரிக்கு மடியும் என்றால் 48. அல்லது, கட்டம்தோறும் சரிபார்ப்பதை விட்டுவிட்டு, அனுப்பும்போது மட்டும் சரிபார்த்து எல்லாப் பிழைகளையும் மேலே ஒரு சுருக்கமாகவும் அந்தந்தக் கட்டத்தின் அருகிலும் காட்டலாம். இரண்டாவதையே பரிந்துரைக்கிறோம். பாதி தட்டச்சிலேயே திருத்தவரும் படிவம் வயதானவர்களை மிகவும் பதற வைக்கிறது.

இன்னொரு குற்றவாளி, அழகுக்காகச் சேர்க்கும் அசைவு. அழுத்தும்போது பட்டன் 4 பிக்சல் கீழே அமிழ்வதுபோல வைத்திருப்பார்கள். மேல் ஓரத்தில் அழுத்தினால் பட்டன் கர்சரை விட்டுக் கீழே நழுவுகிறது. விடுவது பட்டனுக்கு வெளியே நடக்கிறது. சற்றே சுருங்கும் அசைவிலும் நான்கு ஓரங்களிலும் இதே தொல்லை. அசைவு வேண்டும் என்றால், பட்டனை அசைக்காமல் உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் அசையுங்கள். நிறத்தை மாற்றினாலே போதும்.

இதற்கு மாற்றாக "அழுத்திய கணத்திலேயே அனுப்பிவிடலாமே" என்று சிலர் கிளிக்கை விட்டு மவுஸ்டவுன் நிகழ்வுக்கு மாறுகிறார்கள். வேண்டாம். தவறாக அழுத்தியவர் விரலை எடுக்காமல் பக்கத்தில் இழுத்து விட்டு ரத்து செய்யும் வாய்ப்பு அதனால் போய்விடும். கை நடுங்குபவர்களுக்கு அந்த வாய்ப்பு அவசியம்.

கேள்வி: டிக் பெட்டிகளும் ரேடியோ பட்டன்களும் மிகச் சிறியவை. பெரிதாக்க எளிய வழி உண்டா?
தன்னார்வ அமைப்பின் இணையப் பக்கப் பொறுப்பாளர், நாகர்கோவில்

பதில்: பிரவுசர் தரும் டிக் பெட்டி பெரும்பாலும் 13 பிக்சல், போனில் இரண்டரை மி.மீ. பெட்டியைப் பெரிதாக்குவது பாதி வேலை. அதன் லேபிளை, அதாவது பக்கத்திலுள்ள எழுத்தை, தொட்டாலும் டிக் விழச் செய்வது மீதிப் பாதி, அதுவே முக்கியமானதும்கூட.

பெட்டியை லேபிள் உறுப்புக்கு உள்ளேயே வையுங்கள். லேபிளுக்கு, உள்ளே இருப்பவற்றை ஒரே வரிசையில் நிறுத்தும் ஃபிளெக்ஸ் அமைப்பு, மேலும் கீழும் 12 பிக்சல் பேடிங், குறைந்தபட்ச உயரம் 44; பெட்டிக்கும் எழுத்துக்கும் நடுவே 12 இடைவெளி; பெட்டியின் அகலமும் உயரமும் 24. இப்போது வரி முழுவதும் அழுத்தத்தை ஏற்கும். பெட்டியையும் லேபிளையும் தனித்தனியாக வைத்து ஐ.டி.யால் (அடையாளப் பெயரால்) இணைத்தாலும் வேலை நடக்கும், ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள மார்ஜின் (வெளி இடைவெளி) செத்த இடமாகிவிடும். விரல் பெரும்பாலும் விழுவது அங்கேதான். நிறத்துக்காகப் பெட்டியை மறைத்துப் படம் ஒட்ட வேண்டாம். "ஆக்சென்ட் கலர்" என்ற ஒற்றைப் பண்பு போதும்.

"விதிமுறைகளை ஏற்கிறேன்" என்ற வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. "விதிமுறைகள்" என்ற சொல்லில் இணைப்பு வைத்து முழு வரியையும் லேபிளாக்கினால், டிக் செய்ய நினைத்துத் தொட்டவர் வேறு பக்கத்துக்குப் போய்விடுவார். திரும்பி வந்தால் நிரப்பியவை காணாமல் போயிருக்கலாம். இணைப்பை லேபிளுக்கு வெளியே, மேல் வரியில் தனியாகக் கொடுங்கள்.

கேள்வி: எல்லாக் கட்டங்களும் நிரம்பும்வரை "அனுப்பு" பட்டனை மங்கலாக்கி முடக்கிவைப்பது நல்லதுதானே?
கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நல்லதல்ல. முடக்கிய பட்டன் எது குறைகிறது என்று சொல்வதில்லை. பன்னிரண்டு கட்டங்கள் உள்ள நீண்ட படிவத்தில், மேலே ஒரு பின்கோடு ஐந்து இலக்கத்தோடு நின்றிருக்கும். கீழே மங்கிய பட்டனை மறுபடி மறுபடி அழுத்திப் பார்ப்பார்கள். கீபோர்டில் டேப் விசையால் நகர்பவர்களுக்கு முடக்கிய பட்டன் கண்ணிலேயே படாது, கவனம் அதைத் தாண்டிப் போய்விடும். திரையிலுள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்குப் படிவத்தில் பட்டனே இல்லை என்று தோன்றும். மங்கிய எழுத்தை வெயிலில் படிக்கவும் முடியாது.

தொழில்நுட்பத் தொல்லையும் உண்டு. விசை அழுத்தங்களை எண்ணித்தான் பட்டனைத் திறக்கிறீர்கள் என்றால், பிரவுசர் தானாக நிரப்பித் தரும் பெயர், முகவரியை உங்கள் நிரல் கவனிக்காது. எல்லாம் நிரம்பியும் பட்டன் திறக்காது. பட்டனை எப்போதும் திறந்தே வையுங்கள். குறை இருந்தால் அழுத்தியதும் முதல் பிழைக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

கேள்வி: பணம் கட்டும் படிவத்தில் இரண்டு முறை அழுத்தி இரண்டு பதிவு விழுகிறது. அழுத்தியதும் பட்டனை முடக்கினேன். இப்போது சிலருக்குப் படிவமே போகவில்லை.
டெவலப்பர், சென்னை

பதில்: முடக்குவதைக் கிளிக் நிகழ்வில் எழுதியிருப்பீர்கள். ஒரு கட்டாயக் கட்டம் காலியாக இருந்தால், கிளிக் நடக்கும், பட்டன் முடங்கும். ஆனால் பிரவுசரின் சரிபார்ப்பு படிவத்தை நிறுத்திவிடும். பயனர் கட்டத்தை நிரப்பித் திரும்பினால் பட்டன் நிரந்தரமாகச் செத்துக் கிடக்கும். முடக்கும் வேலை படிவத்தின் சப்மிட் (அனுப்பும்) நிகழ்வுக்குரியது. அது சரிபார்ப்பைத் தாண்டிய பிறகே எழும்.

அங்கும் கவனம் வேண்டும். "சேமி", "அனுப்பு" என்று இரண்டு பட்டன்கள் பெயரும் மதிப்பும் கொண்டு இருந்தால், சப்மிட் நிகழ்வில் முடக்கப்பட்ட பட்டனின் மதிப்பு சர்வருக்குப் போகாது. எது அழுத்தப்பட்டது என்று சர்வருக்குத் தெரியாது. ஆகவே பட்டனை முடக்கும் "டிசேபிள்ட்" பண்பைத் தொடாமல், படிவத்தில் "அனுப்பப்படுகிறது" என்று ஒரு கொடி (நிலையைக் குறிக்கும் அடையாளம்) வைத்துக்கொண்டு, இரண்டாவது சப்மிட் வந்தால் தடுத்துவிடுவதே பாதுகாப்பு. பட்டனின் எழுத்தை "அனுப்பப்படுகிறது…" என்று மாற்றுங்கள். அகலம் மாறாதபடி முன்பே இடம் விடுங்கள். திரைவாசிப்பானுக்காக அதே செய்தியை "ரோல் ஸ்டேட்டஸ்" உள்ள வரியிலும் எழுதுங்கள்.

பயனர் பின்னே சென்று திரும்பும்போது, பிரவுசர் பக்கத்தை நினைவிலிருந்து அப்படியே எடுத்துத் தரும். கொடி இன்னும் ஏறியே இருக்கும், பட்டனில் "அனுப்பப்படுகிறது…" என்றே நிற்கும். பக்கம் காட்டப்படும்போது எழும் "பேஜ்ஷோ" நிகழ்வில் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்தாலும் பட்டன் பாதி காவல்தான். இணைப்பு அறுந்து மறுபடி அனுப்புபவரை எந்தப் பட்டனாலும் தடுக்க முடியாது. படிவத்தைத் தரும்போதே ஒரு தனிக் குறியெண்ணை மறைவுக் கட்டத்தில் வையுங்கள். தரவுத்தளத்தில் அந்தக் குறியெண் இரண்டாம் முறை ஏறாதபடி யுனிக் கட்டுப்பாடு போடுங்கள். மறுபடி வந்தால் பிழை காட்டாமல் முதல் ரசீதையே காட்டுங்கள். வெற்றிக்குப் பின் 303 குறியீட்டோடு ரசீதுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், அந்தப் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தாலும் பணம் மறுபடி போகாது.

கேள்வி: பல பக்கப் படிவத்தில் என்டர் விசையை அழுத்தினால் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் முந்தைய பக்கத்துக்குப் போகிறது.
இ-சேவை மையம் நடத்துபவர், கரூர்

பதில்: உங்கள் படிவத்தை எழுதியவரிடம் இதைக் காட்டுங்கள். கட்டத்தில் என்டர் அழுத்தினால் பிரவுசர், கோடில் முதலாவதாக வரும் சப்மிட் பட்டனை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். "முந்தையது" இடப்பக்கம் என்பதால் கோடிலும் முதலில் வந்திருக்கும். அத்துடன், வகை குறிப்பிடாத பட்டன் எல்லாமே படிவத்துக்குள் சப்மிட் வகைதான். "முந்தையது" பட்டனுக்கு வகையை "பட்டன்" என்று மாற்ற வேண்டும், அல்லது அதைச் சாதாரண இணைப்பாக்கிப் படிவத்தின் மேல் பகுதியில் வைக்க வேண்டும். கடவுச்சொல்லைக் காட்டும் கண் குறி, "இன்னொரு வரி சேர்" போன்றவற்றிலும் இதே பிசகு வரும்; அவற்றைத் தொட்டால் பாதிப் படிவம் போய்விடும்.

வரிசையைக் கோடில் மாற்றிவிட்டு, சி.எஸ்.எஸ். மூலம் திரையில் மட்டும் திருப்பிப் போடுவது தீர்வல்ல. டேப் விசை கோடின் வரிசையில்தான் நகரும். கண் ஒரு பக்கமும் கவனம் ஒரு பக்கமுமாகக் குதிக்கும்.

கேள்வி: தமிழில் பட்டன் எழுத்து பட்டனுக்கு வெளியே வழிகிறது. சில இடங்களில் கொம்பும் சுழியும் வெட்டுப்படுகின்றன.
வடிவமைப்பாளர், தஞ்சாவூர்

பதில்: ஆங்கில எழுத்துக்கு அளந்த பெட்டியில் தமிழை ஊற்றியதால் வருவது. நிலையான அகலம், நிலையான உயரம் இரண்டையும் எடுத்துவிடுங்கள். குறைந்தபட்ச உயரம் 48, இடமும் வலமும் 20 பேடிங், மேலும் கீழும் 10, வரி உயரம் 1.5 என்று வைத்தால் பட்டன் எழுத்துக்கு ஏற்ப வளரும். இரண்டு வரிக்கு மடிய அனுமதியுங்கள். வழியும் பகுதியை மறைக்கும் பண்பு பட்டனில் இருந்தால், மேலுள்ள இகரச் சுழியும் கீழுள்ள உகரக் காலும் முதலில் வெட்டுப்படுவது அதனால்தான்.

பட்டன் எழுத்து மட்டும் சிறிதாக, வேறு எழுத்துருவில் தெரிகிறதா? பட்டன்களும் கட்டங்களும் பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக எடுத்துக்கொள்வதில்லை. பிரவுசரின் சொந்த 13.33 பிக்சல் எழுத்தில் நிற்கும். அந்த அளவில் ணகர, னகர வேறுபாடுகூடக் கண்ணுக்குச் சிரமம். எழுத்துருவைத் தம்மைச் சுற்றியுள்ள உறுப்பிடமிருந்து பெறும்படி ஒரு வரி எழுதினால் சரியாகும். தமிழுக்கு 17 அல்லது 18 பிக்சல் நல்லது.

கேள்வி: எந்த நிறம் நல்லது?
வாசகர், பெங்களூரு

பதில்: எந்த நிறமும் நல்லதே, வேறுபாடு போதுமானால். பட்டன் எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே ஒளி வேறுபாடு 4.5க்கு 1 வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #767676 சாம்பல் தேறும். கண்ணுக்கு அதே போலத் தெரியும் #777777 மயிரிழையில் தவறும். கட்டத்தின் ஓரக்கோட்டுக்கு 3க்கு 1 போதும். வெள்ளையில் #949494 அந்த எல்லை. விண்டோஸின் உயர் வேறுபாட்டு முறையில் பின்னணி நிறமும் நிழலும் நீங்கிவிடும் என்பதால், ஓரக்கோடே இல்லாத பட்டன் வெறும் எழுத்தாகிவிடும். 2 பிக்சல் ஒளிபுகும் ஓரக்கோடு வைத்திருங்கள். அந்த முறையில் அது தானாக நிறம் பெறும். கவனத்தைக் காட்டும் அவுட்லைனை (சுற்றுக்கோட்டை) நீக்கவே நீக்காதீர்கள். 3 பிக்சல் தடிப்பு, 2 பிக்சல் விலகல் அழகாகவே இருக்கும்.

கேள்வி: "அனுப்பு", "அழி", "ரத்து" மூன்றையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறோம். அடிக்கடி தவறாக அழித்துவிடுகிறார்கள்.
கூட்டுறவுச் சங்கப் பணியாளர், ஈரோடு

பதில்: "அழி" என்பது படிவம் முழுவதையும் காலியாக்கும் ரீசெட் பட்டன் என்றால் இன்றே எடுத்துவிடுங்கள். இருபது நிமிடம் நிரப்பிய படிவத்தை ஒரே தொடலில் வெறுமையாக்க வேண்டிய தேவை யாருக்கும் வருவதில்லை. ஒரு கட்டத்தைத் திருத்த அந்தக் கட்டமே போதும்.

"ரத்து" பட்டனாக இருக்க வேண்டாம்; கோடிட்ட எளிய இணைப்பாக, "அனுப்பு"வுக்குக் கீழே 24 பிக்சல் தள்ளி, 44 உயரப் பரப்போடு இருக்கட்டும். பெட்டிபோல நிற்பது ஒன்றே ஒன்று என்றால் கை தானாக அங்கே போகும்.

அந்த ஒன்றையும் கட்டங்களின் இட ஓரத்துக்கு நேராக, கடைசிக் கட்டத்துக்கு உடனே கீழே வையுங்கள். இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் ஆக, அதை எட்டும் நேரம் கூடும் என்பதை உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இலேயே சூத்திரமாக எழுதிவிட்டார். வலக்கோடிப் பட்டன் இந்தத் தொலைவைக் கூட்டுகிறது. திரையை உருப்பெருக்கிப் படிப்பவர்கள் ஒரு நேரத்தில் இடப்பக்கத் துண்டு ஒன்றையே பார்க்கிறார்கள். வலக்கோடியில் பட்டன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. போனில் பட்டனை முழு அகலமாக்கிவிட்டால் இடது கை, வலது கைப் பேச்சே இல்லை.

திரையின் அடியில் ஒட்டி நிற்கும் பட்டன் வைத்தால், டேப் விசையால் வரும் கட்டம் அதன் பின்னே ஒளியக்கூடும். பட்டனின் உயரத்தோடு 16 சேர்த்து, ஸ்க்ரோலின் கீழ் பேடிங்காகக் கொடுங்கள்.

கேள்வி: ஓ.டி.பி.க்கு ஆறு தனிக் கட்டங்கள் வைப்பதா, ஒன்றா?
டெவலப்பர், திருச்சி

பதில்: ஒன்று. ஆறு கட்டங்கள் என்றால் ஆறு சிறிய இலக்குகள். ஒட்டினால் முதல் இலக்கம் மட்டும் விழும், பின்னே அழிக்கவும் சிக்கல். ஒரே கட்டத்தில் எண் விசைப்பலகை வரும்படி "இன்புட்மோட்" பண்பை "நியூமரிக்" ஆக்கி, ஆட்டோகம்ப்ளீட்டுக்கு "ஒன்-டைம்-கோட்" கொடுங்கள். ஐபோன் குறுஞ்செய்தியிலிருந்து எடுத்து விசைப்பலகைக்கு மேலேயே காட்டும். "மறுபடி அனுப்பு" இணைப்பைச் சரிபார்க்கும் பட்டனிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். அதைத் தவறித் தொட்டால் கையிலிருக்கும் எண் செல்லாததாகிவிடும்.

பிறந்த தேதிக்கும் நாள்காட்டிச் சதுரங்கள் வேண்டாம். 1962இல் பிறந்தவர் அம்புக்குறியை மாதம் மாதமாக அழுத்திப் பின்னே போக வேண்டியிருக்கும். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எண் கட்டங்கள் போதும்.

கேள்வி: படிவத்தை வெளியிடும் முன் எப்படிச் சோதிப்பது? கருவிகள் வாங்க வசதியில்லை.
பள்ளி ஆசிரியர், விருதுநகர்

பதில்: காசு செலவில்லை. மவுஸைக் கழற்றிவிட்டு டேப், ஸ்பேஸ், என்டர் மூன்றாலும் படிவத்தை முடித்துப் பாருங்கள். எங்காவது கவனம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போனால் அங்கே அவுட்லைன் இல்லை. எங்காவது பட்டனை எட்டவே முடியாவிட்டால் அது பட்டன் உறுப்பாக இல்லாமல் வெறும் டிவ் பெட்டியாக இருக்கும். அதைப் பட்டன் உறுப்பாக மாற்றச் சொல்லுங்கள்.

பிறகு 1280 பிக்சல் அகலமுள்ள சாளரத்தில் 400 விழுக்காடு பெரிதாக்குங்கள். 320 பிக்சல் திரைக்குச் சமம் அது. பக்கவாட்டில் இழுக்காமல் எல்லாப் பட்டன்களும் தெரிய வேண்டும். அடுத்து, எல்லா உறுப்புகளுக்கும் 1 பிக்சல் சிவப்பு அவுட்லைன் போடும் ஒரு வரியைத் தற்காலிகமாகச் சேர்த்தால், அழுத்தத்தை ஏற்கும் பரப்பு எது, வெறும் அலங்காரம் எது என்று கண்ணால் பார்க்கலாம்.

கடைசியாக விலை குறைந்த போன் ஒன்றில், வெயிலில் நின்று, ஒற்றைக் கையால். வேண்டுமென்றே தவறான விவரங்களை நிரப்பிப் பாருங்கள். பின்கோடில் ஐந்து இலக்கம், மொபைலில் ஒன்பது, கடைசிக் கட்டத்திலிருந்து நேரே பட்டனுக்கு. மேலே மதுரை வாசகர் கேட்ட பிழை உங்கள் கணினியில் இருக்கிறதா என்று அறிய, இதையே மவுஸ் வைத்தும் ஒரு முறை செய்யுங்கள்.

கேள்வி: ஃபைல் ஏற்றும் பட்டனை மற்ற பட்டன்களைப் போல அழகாக்க முடியுமா?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முடியும். ஃபைல் கட்டத்தின் லேபிளையே பட்டன்போல 48 உயரத்தில் வடிவமைக்கலாம். அதைத் தொட்டால் ஃபைல் தேர்வு திறக்கும். ஆனால் மூலக் கட்டத்தை "டிஸ்ப்ளே நன்" கொண்டு மறைத்துவிட்டால் கீபோர்டால் அங்கே போக முடியாது. 1 பிக்சலுக்குச் சுருக்கி, வெட்டி, பார்வையிலிருந்து மட்டும் விலக்குங்கள். கட்டம் கவனம் பெறும்போது லேபிளுக்கு அவுட்லைன் விழச் செய்யுங்கள். தேர்ந்தெடுத்த ஃபைலின் பெயரையும் அளவையும் கீழே எழுத்தில் காட்ட வேண்டும், ஏனென்றால் மறைக்கப்பட்ட கட்டத்தோடு பிரவுசர் காட்டும் பெயரும் மறைந்துவிடுகிறது. ஏற்கும் உச்ச அளவைப் பட்டனுக்கு மேலேயே எழுதுங்கள்: "ஜே.பி.ஜி. அல்லது பி.டி.எஃப்., 2 எம்.பி.க்குள்".